ஆறு என்று எழுதிக் கொடுத்தேன்

போன மாதம் சபைக்குப் புதிதாகத் தெரிவான இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். சபை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமாம். "நீங்க மெம்பரா இருந்த காலத்துச் சாதனைகள எழுதுங்க அன்ரி. ரெண்டு பக்கம் காணும்" என்றாள் ஒருத்தி. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து ஓம் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் படலையைத் தாண்டுவதற்குள் பேனை எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

எழுதுவதென்றால் எனக்கு எப்போதும் இப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிரதேச சபை உறுப்பினராக இருந்த காலம் முழுவதும் என் கைப்பையில் மூன்று பேனை வைத்திருந்தேன். ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று, அதுவும் எழுதாவிட்டால் மற்றது. ஒன்பது மணி அமர்வுக்கு ஏழரைக்கே போய் வாசலில் நிற்பேன். மைக் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது, வேலை செய்தால் என்ன செய்வது, இரண்டுக்கும் பயம்.

சாதனை என்று சொல்ல என்னிடம் இருப்பது எட்டுத் தெருவிளக்கும் வாசிகசாலைக்கு ஒரு கூரையும். எழுதியாயிற்று. மிச்சத் தாளில் எழுத வேண்டியது சாதனை அல்ல. அதை இத்தனை காலமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. சபைக் கூட்டறிக்கையில் அது இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் கேட்கவில்லை என்பதுதான் இதுவரை என்னைக் காப்பாற்றியது.

எங்கள் ஊர் மட்டக்களப்பின் எழுவான்கரையில், வாவியை ஒட்டி இருக்கிறது. வாவி என்று இப்போது எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வராது. ஆறு என்றுதான் சொல்வோம். ஆத்து மீன், ஆத்து இறால், ஆத்துக்குப் போறன், ஆத்தால வாறன். பொழுது சாயும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குந்தி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குத் தொழில். இடுப்பில் ஒரு பறி கட்டியிருப்போம். பிடித்ததை அதற்குள் போடுவோம். நானும் என் புருசனின் தங்கச்சி தங்கேசும் பதினைந்து பதினாறு வயதிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து தடவியவர்கள். எங்கள் வளவுக்குப் பின்னால், கண்டல் மரங்களுக்கு நடுவே, ஒரு ஒற்றையடிப் பாதை போகும். ஐம்பது அடி வைத்தால் தண்ணீர். அந்தத் துறை யாருடைய காணி என்று நாங்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சபைகளில் பெண்களுக்கு இத்தனை இடம் என்று சட்டம் வந்த வருடம் ஒரு கட்சிக்காரர் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். "பட்டியலுக்கு ஒரு பொம்புளப் பேர் குறையுது. சும்மா பேர் மட்டும் தந்தாக் காணும்" என்றார். நான் அடுப்படிக்குள் போய் ஒளித்துக்கொண்டேன். வாசலில் இறால் கோதிக்கொண்டிருந்த தங்கேஸ்தான் பதில் சொன்னாள்.

"மச்சாளப் போடுங்க. அவளுக்கு எல்லாத்துக்கும் பயம். பயந்தவள்தான் கவனமாச் செய்வாள்."

அவளே படலை படலையாக ஏறி இறங்கினாள். எனக்குக் கிடைத்த வாக்கில் பாதி அவளுடைய வாய்க்குக் கிடைத்தது.

வென்றபின் நகரத்தில் மூன்று நாள் பயிற்சி. சோறு, ஒரு கோப்பு, ஒரு பேனை. கோப்பு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அந்தப் பேனைதான் முதலில் எழுதாமல் போனது.

சபையை எனக்குப் படிப்பித்தவர் செயலாளர் நசீர் சேர். ஏறாவூர்க்காரர், மெலிந்த மனிதர். எந்தக் காகிதம் கொடுத்தாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றி சேர்ட் நுனியில் துடைப்பார். பிறகு ஒரு மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வரி வரியாக அடிமட்டத்தை இறக்கிக்கொண்டே, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் வாசிப்பார். பிரேரணை என்றால் அமர்வுக்கு ஏழு நாளுக்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும். கையெழுத்து, திகதி, வழிமொழிகிறவரின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோபிக்கமாட்டார். "இன்னொருக்கா எழுதிட்டு வாங்க மெம்பர்" என்று தாளைத் திருப்பித் தருவார். ஆனால் உறுப்பினர் எழுதிய சொல்லில் மட்டும் கை வைக்கவே மாட்டார். "மெம்பர்ர சொல் மெம்பர்ர சொல்தான். நான் கை வெச்சா அது என்ட சொல்லாப் போயிரும். சனம் எனக்கா வோட் போட்ட?" என்பார்.

என்னுடைய முதல் பிரேரணை தெருவிளக்குக்கு. அதை நான் 'தெருவிலக்கு' என்று எழுதியிருந்தேன். நசீர் சேர் சபையில் அதை அப்படியே வாசித்தார். 'எமது வட்டாரத்தில் தெருவிலக்கு எட்டினைப் போட்டுத் தருமாறு...'

முன் வரிசையில் ஒரு உறுப்பினர் எழும்பினார். "தவிசாளர் அவர்களே, மெம்பர் தெருவ விலக்கச் சொல்றாவா? மறுகா நாங்க எதால வீட்ட போற?"

"தெருவுக்கே விலக்கு வந்துட்டுதாக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

சபை குலுங்கியது. தவிசாளர் மேசையைத் தட்டி அடக்கினார். தட்டுகிறபோது அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். பிரேரணை நிறைவேறியது. விளக்கும் எரிந்தது. ஆனால் அன்றிலிருந்து எந்தச் சொல்லை எழுதினாலும் ளவா லவா, றவா ரவா, னவா ணவா என்று என் கண் எழுத்தில்தான் போய் நிற்கும். மகளின் பள்ளிக்கூட அகராதியை எடுத்து வைத்துக்கொண்டேன். சொல்லின் பொருளை நான் அதில் பார்த்ததே இல்லை. எழுத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் துறைப் பக்கம் அளக்கிறவர்கள் வந்தார்கள். மூன்று கால் கருவியை நிறுத்தி, சிவப்புத் துணி கட்டிய தடிகளை நட்டுவிட்டுப் போனார்கள். வெளியூர் முதலாளி ஒருவர் பின்பக்கக் காணியை வாங்கியிருக்கிறாராம், ஹோட்டல் கட்டப் போகிறாராம். பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி சொன்னாள், "இப்ப வெள்ளக்காரருக்குக் கடல் காணாதாம் மாமி. ஆறும் வேணுமாம்."

தங்கேஸ் அன்று பறியோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டப் படியில் நின்றாள்.

"மெம்பரே" என்றாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவள் என்னை அப்படிக் கூப்பிடுவாள். "துறைய அடைச்சா நாங்க எதால இறங்குற? பறந்தா?"

"யோசிப்பம்கா."

"நீ யோசிச்சு முடிக்கிறத்துக்குள்ள அவன் மதிலக் கட்டிப்போடுவான்."

நான் நசீர் சேரிடம் போனேன். சும்மா தீர்மானம் போட்டால் அது கடதாசியோடு போய்விடும், சபையின் உபவிதியாகக் கொண்டு வந்து மேலே அனுமதி எடுத்து அரச வர்த்தமானியில் வந்தால்தான் சட்டமாக நிற்கும் என்று அவர் சொல்லித் தந்தார். நீளமான வழி, ஆனால் உறுதியான வழி என்றார். நான் வீட்டுக்கு வந்து மூன்று நாள் எழுதினேன். 'ஆற்றங்கரையிலிருந்து முப்பது அடிக்குள் வேலி, மதில், கட்டடம் எதுவும் அமைத்தல் ஆகாது. தொழிலுக்காக மக்கள் ஆற்றில் இறங்கும் வழி எதனையும் அடைத்தல் ஆகாது.' ஆற்று என்பதற்கு றவைத்தானே போட வேண்டும் என்று அகராதியில் இருபது தரம் பார்த்திருப்பேன். பார்த்துவிட்டுப் படுப்பேன். எழும்பி வந்து திரும்பவும் பார்ப்பேன். தங்கேஸ் பெண்களிடம் போய்க் கையெழுத்து வாங்கினாள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை வைத்தார்கள்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நசீர் சேர் கண்ணாடியைத் துடைத்தார், அடிமட்டத்தை வைத்தார். முதல் வரியிலேயே அடிமட்டம் நின்றுவிட்டது.

"மெம்பர், இந்த 'ஆறு' சரியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "சரிதான் சேர். றவைத்தான் போட்டிருக்கன். அகராதியில பாத்தனான்."

அவர் சிரிக்கவில்லை. "எழுத்து சரிதான். நான் அதக் கேக்கல்ல. உங்கட துறை இருக்கிறது ஆறா, களப்பா? நில அளவைப் படத்தில களப்பு எண்டு போட்டிருப்பாங்க. ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லுங்களன்."

களப்பு என்றால் கடலோடு சேர்கிற வாவி, அந்தச் சொல் எனக்குத் தெரியும். மாவட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் காதுக்குக் கேட்டது வேறு. படிக்காதவளுக்கு ஆற்றின் பெயர் கூடத் தெரியாது என்று சொல்கிறார் என்றே கேட்டது. தெருவிலக்குச் சிரிப்பு அப்போதும் என் முதுகில் ஏறி இருந்தது. பக்கத்து மேசைக்காரர் வேறு நிமிர்ந்து பார்த்தார்.

"சேர், நான் பொறந்த நாளில இருந்து அதுக்குள்ள நிண்டவள். ஆறுதான்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

"சரி மெம்பர்" என்று அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கினார்.

அமர்வு நாளிலும் அவர் விடவில்லை. வாசித்து முடித்துவிட்டு, அதே குரலில், "முன்மொழியும் உறுப்பினர் 'ஆறு' எனும் சொல்லை உறுதிப்படுத்துகிறாரா?" என்று கேட்டார். மற்ற உறுப்பினர்களுக்கு அது என்ன கேள்வி என்றே விளங்கவில்லை. அவர்களுக்கும் அது ஆறுதான். நான் எழும்பினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கில் என் குரல் நடுங்கவில்லை. "உறுதிப்படுத்துகிறன்" என்றேன். எதிர்க்கட்சி உட்பட எல்லாரும் கை தூக்கினார்கள். அன்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். தங்கேஸ் ஒரு பறி இறாலை நசீர் சேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்க மறுத்துவிட்டார். அந்த இறாலைத்தான் நாங்கள் சுண்டிச் சாப்பிட்டோம்.

அனுமதி வரவும் வர்த்தமானியில் வரவும் ஒரு வருடத்துக்கு மேல் போனது. வந்தபிறகு முதலாளி மதிலுக்கு அத்திவாரம் வெட்டினார். சபை அறிவித்தல் அனுப்பியது. அவர் நிறுத்தவில்லை. சபை நீதிமன்றம் போனது.

வழக்கு நாளில் நானும் தங்கேசும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் போய்ப் பின் வரிசை வாங்கில் இருந்தோம். முதலாளியின் சட்டத்தரணி நில அளவைப் படத்தை விரித்துக் காட்டினார். துறை இருக்கும் இடத்தில் களப்பு என்று எழுதியிருந்தது. எங்கள் சபைப் பிரிவுக்குள் ஆறு என்று படத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது மறுபக்கம், வயல் வட்டைகளையும் தாண்டி, பற்றைக் காட்டுக்குள் போகிற ஒரு சிற்றாறு. உபவிதி அதற்குரியது, முதலாளிக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை என்றார் அவர். சபையின் சட்டத்தரணி, இது ஊர் வழக்கு, கை தவறி வந்த சொல் என்றார். அப்போதுதான் முதலாளியின் சட்டத்தரணி எங்கள் கூட்டறிக்கையை எடுத்தார். 'சொல் குறித்துச் செயலாளர் வினவினார். முன்மொழிந்த உறுப்பினர் அதனை உறுதிப்படுத்தினார்.' கை தவறவில்லை, தெரிந்தே போட்ட சொல் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அவர் வாசித்தது மெல்லிய குரலில். பின் வாங்குக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

உபவிதி அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று முடிவானது. வெளியே வந்ததும் தங்கேஸ் கேட்டாள். "ஏன்கா தோத்த? என்னமோ படமெல்லாம் காட்டினான்?"

"அவன்ட லோயர் கெட்டிக்காரன்கா" என்றேன்.

சொல்லைத் திருத்தி மீண்டும் கொண்டு வர ஓடினேன். ஏழு நாள் அறிவித்தல், அமர்வு, மேலிடம் என்று அது நகர்வதற்குள் சபையின் காலம் முடிந்துவிட்டது. பிறகு நெடுநாள் தேர்தலே நடக்கவில்லை. மதில் எழும்பியது, கண்டல் போனது, துறை இருந்த இடத்தில் பலகை மேடை ஒன்று வந்தது. சிற்றாற்றுப் பக்கம் 'ஆற்றங்கரை ஒதுக்கு. வேலி அடைத்தல் தடை' என்று சபை நட்ட பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. நான் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். எருமைகள் அதில் முதுகு தேய்த்து எழுத்துப் பாதி அழிந்துவிட்டது. றவைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

நசீர் சேர் ஓய்வு பெற்றபின் வீதியில் ஒரு நாள் கண்டேன். "இன்னொருக்காக் கேட்டிருக்கலாம் தங்கச்சி" என்றார். மெம்பர் என்று சொல்லவில்லை. அவர் இரண்டு தரம் கேட்டவர். மூன்றாவது தரம் கேட்டிருந்தாலும் நான் அதையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். அதை அவருக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு நகரத்தில், புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் பெண் உறுப்பினர்களுக்குக் கருத்தரங்கு வைத்தார்கள். பழைய ஆட்களையும் கூப்பிட்டார்கள். கனடாவின் வடக்கு மூலையில் ஒரு சட்டசபையில் உறுப்பினராக இருக்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார். தடித்த, சிறிய உருவம். தகப்பன் வேட்டைக்காரராம். அவரும் என்னைப் போல இடையில் பள்ளிக்கூடத்தை விட்டவராம். அவருடைய தொகுதியில் ஊருக்கு ஊர் வீதியில்லை, சின்ன விமானத்தில்தான் போய்ச் சனத்தைச் சந்திப்பாராம். அந்தச் சபையில் கட்சியே இல்லையாம். யார் எந்தப் பக்கம் என்று பிரியாமல் வட்டமாக இருந்து கதைப்பார்களாம். உறுப்பினர் தன் தாய்மொழியில் பேசலாம், மொழிபெயர்க்கிறவர்கள் கண்ணாடி அறைக்குள் இருப்பார்களாம். பனிக்கட்டிக்கு அவர்களுடைய ஆட்களிடம் பல பெயர் உண்டாம். ஒரு தரம் அவர் தாய் சொல்கிற ஒரு பெயரைச் சபையில் சொன்னபோது மொழிபெயர்க்கிறவருக்கு அது விளங்கவில்லையாம். வயதான ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கும் வரை சபை பேசாமல் காத்திருந்ததாம்.

கேள்வி இருக்கா என்றபோது நான் எழும்பினேன். பக்கத்திலிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

"உங்கட ஆக்கள் சொல்ற பேரும், படத்தில கிடக்கிற பேரும் வேற வேறயா இருந்தா, சட்டத்தில எதப் போடுவீங்க?"

மொழிபெயர்த்த பிள்ளை சொல்ல, அவர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "இரண்டையும் போடுவோம். சட்டத்தின் முதல் பக்கத்தில், இந்தச் சொல் இதைக் குறிக்கும் என்று ஒரு வரி எழுதிவிடுவோம்."

ஒரு வரி. 'ஆறு என்பது களப்பையும் குறிக்கும்.' ஐந்து சொல் கூட இல்லை. நசீர் சேர் அன்றைக்கு என்னிடம் கேட்டது அந்த வரியைத்தான். என் சொல்லை விடச் சொல்லி அவர் கேட்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அங்கே ஒரு சபையே காத்திருந்தது. என்னால் ஒரு நாள் காத்திருக்க முடியவில்லை. எத்தனையோ ஆயிரம் விசயத்துக்குப் பயந்தவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் பயப்படவில்லை.

இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி முடித்ததும், அச்சில் வருவதற்கு முன்னால் தங்கேஸ் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு வாசிக்க வராது. நேற்றுப் பின்னேரம் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றாள். இடுப்பில் பறி. இப்போது அவள் அடுத்த ஊர்த் துறைக்குப் பஸ்ஸில்தான் போகிறாள். கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்று வாசித்தேன். அடிமட்டம் நின்ற இடம் வந்ததும் கையைக் காட்டி மறித்தாள்.

"நில்லுகா. சேர் உன்னிட்டக் கேட்டவரா?"

"ஓம்."

"ஆறா களப்பா எண்டு?"

"ஓம்."

"எத்தின தரம்?"

"ரெண்டு தரம்."

அவள் மதில் பக்கம் பார்த்தாள். பிறகு பறியின் கயிற்றை அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினாள்.

"என்னிட்டக் கேட்டிருந்தா நானும் ஆறெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் முடிக்கவில்லை. "ஆனா மச்சாள், மெம்பர் நீதானே."

நான் தாளை மடித்தேன். பஸ் வந்து நின்றது. ஒரு காலை வைத்து ஏறும்போதே கொண்டக்டர் கேட்டார், "எங்க அக்கா?"

"ஆத்துக்கு" என்றாள் தங்கேஸ்.

அவர் ரிக்கெற்றைக் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பஸ்ஸில் ஒருவரும் அவளிடம் ஆறா களப்பா என்று கேட்கவில்லை.